வாசல் பாகம் முருகனுக்கு

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் தகரக் கூரை போட்ட கடை என்னுடையது. 'கன்னியம்மாள், பத்திர எழுத்தர்' என்று பலகையில் பெரிதாகவே எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா இல்லீங்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்த ஒரே ஐயாவும் என் வாய்க்குப் பயந்து மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பேன். அதற்கப்புறம் கொஞ்சம் மரியாதையாக உட்காருவார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சொத்து என்று வந்துவிட்டால் ஜனங்கள் பேசுகிற பேச்சைத் தினமும் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். அதிலும் இந்தப் போன் வந்த பிறகு ஆளுக்கொரு வக்கீலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வக்கீல் சொன்னதை நான் டைப் அடித்துக் கொடுத்தால் போதுமாம்.

ராஜவேலு குடும்பமும் அப்படித்தான் வந்தது. ராஜவேலு திருவாலங்காடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தணிகை மலையடிவாரத்தில் ஒரு சந்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். முன்னால் கூடமும் சமையல்கட்டும், பின்னால் வரிசையாக மூன்று அறைகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அந்த அறைகளை வாடகைக்கு விடுவார்கள். கட்டும்போது சித்தாள் கூலியை மிச்சம் பிடிக்கக் கல்லும் மண்ணும் சுமந்தவள் அவர் மனைவி குப்பம்மாள். மகள் துர்காவை அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற வீட்டில் கொடுத்திருந்தார்கள். மகன் ராஜீவ் அம்பத்தூரில் ஏதோ கம்பெனியில் இருந்தான். அன்றைக்கு அப்பாவையும் அம்மாவையும் முன்னால் விட்டு, மாட்டை ஓட்டி வருகிற மாதிரி பின்னால் வந்தான்.

"ஆன்ட்டி, ஒரு செட்டில்மென்ட் போடணும். வீடு முழுசா என் பேருக்கு."

ஆன்ட்டி என்ற வார்த்தைக்கே எனக்குப் பாதி கோபம் வந்துவிட்டது. "இன்னா அவசரம்?" என்றேன்.

"வாரிசு வரி. நைனா செத்துட்டார்னு வெச்சுக்கோங்க, பாதி வீட்டை கவர்மென்ட் எடுத்துக்கும். வீடியோ வந்துகினே கீதே, பாக்கலையா? உயிரோட இருக்கும்போதே என் பேருக்கு மாத்திட்டா தப்பிச்சிடலாம்."

செத்துட்டார்னு வெச்சுக்கொள்ளப்பட்ட ராஜவேலு, பக்கத்து டீக்கடை சுப்பிரமணி கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். தலையை வேறு ஆட்டினார். யாரோ வேற்றூர்க்காரர் சாவைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இருந்தது.

"தம்பி, அந்த வரியை எண்பத்தஞ்சுலயே எடுத்தாச்சு. அப்ப நீ பொறந்துட்டியா?"

"இல்ல."

"பொறக்கறதுக்கு முன்னாடி செத்துப்போன வரிக்கு இன்னிக்கு வந்து ஒப்பாரி வெக்கிறியே."

"திரும்ப வரப்போவுதாம் ஆன்ட்டி."

"வந்தா அன்னிக்குப் பாத்துக்கலாம். இன்னிக்குத் தேதிக்கு நைனா வீடு புள்ளைக்கு வந்தா ஒரு வரியும் கெடையாது."

அவனிடம் பேசிப் பயனில்லை என்று ராஜவேலு பக்கம் திரும்பினேன். செட்டில்மென்ட் என்றால் இன்றைக்கே கொடுத்துவிடுவது, பதிந்துவிட்டால் வீடு அவனுடையது, நாளைக்கு அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி, மனசு மாறினாலும் சுலபத்தில் திருப்பி வாங்க முடியாது என்றேன். உயில் அப்படியில்லை. உங்களுக்கு அப்புறம்தான் அது நடக்கும், உயிரோடு இருக்கிறவரை நீங்களே மாற்றலாம் என்றேன்.

"எத்தினி தடவ மாத்தலாம்?"

"தெனமும் மாத்துங்க. எனக்கும் பொழப்பு ஓடும்."

ராஜவேலுவுக்கு அது பிடித்துவிட்டது. "அப்ப உயிலே எழுதிடு கன்னிமா" என்றார். ராஜீவ் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "சரி, உயில்னாலும் வீடு முழுசா எனக்குன்னு எழுதுங்க" என்றான்.

"அம்மாவுக்கு?"

"அம்மா என்கூட வந்துடும்."

குப்பம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஒரு முறை மகன் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தவள். அங்கே கூடத்தில் டிவிக்குக் கீழே அவளுக்குப் படுக்கை. டிவி தூங்கினால்தான் அவள் தூங்கலாம். சமையல்கட்டில் எந்த டப்பாவைத் தொட்டாலும் மருமகள் வந்து அதை அரை அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டுப் போவாளாம். திரும்பி வந்த அன்று பூக்கடையில் என்னைப் பார்த்தவள், "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம் கன்னிமா. சாவுற வரைக்கும் என் வீட்ல இருக்கணும். ஒருத்தர் வந்து எழுந்திருன்னு சொல்லக் கூடாது. அது போதும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதனால் இந்த உயிலில் யாருக்கு எது போனாலும், அவளுக்குப் போவது எது என்று எனக்குத் தெரியும்.

"துர்காவுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சுயசம்பாத்தியம். பாட்டன் பூட்டன் சொத்தாக இருந்தால் மகள் உரிமையோடு வந்து நிற்கலாம். சொந்தமாகச் சம்பாதித்ததை ராஜவேலு மகனுக்கும் எழுதலாம், தெருவில் படுத்திருக்கிற நாய்க்கு ஒரு காப்பாளரை வைத்து எழுதினாலும் கேட்பாரில்லை. நீயாவது ஒரு வார்த்தை பேசேன் என்பது போலக் குப்பம்மாளைப் பார்த்தேன்.

"எழுதட்டும் கன்னிமா. ஆம்பளப் புள்ளைக்குத்தானே" என்றாள்.

நல்லா இரு தாயே என்று மனசுக்குள் வைதுவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள், "சாமி பங்கை மொதல்ல எழுதிடு" என்றாள்.

ராஜவேலு வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. எதைப் பங்கு போட்டாலும் முதல் பங்கு தணிகை முருகனுக்கு. மாம்பழக் கூடை வந்தால் முதல் கூறு சாமிக்கு. நெல் அளந்தால் முதல் மரக்கால் சாமிக்கு. ராஜவேலுவும் அண்ணன் தம்பிகளும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோதுகூட முதலில் ஒரு மூலையில் மஞ்சள் துணி சுற்றிய கல்லை வைத்து, 'இது சாமி பங்கு' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதை அளந்தார்கள். அப்புறம் சாமிக்கு ஒரு அபிஷேகம் செய்துவிட்டு மூத்தவர் அந்த மூலையையும் சேர்த்து உழுதுகொண்டார். சாமி பங்கு கடைசியில் ஆசாமிக்கே வந்து சேரும். அதுவும் வழக்கத்தில் சேர்த்திதான்.

"ஆமா, மறந்தே பூட்டேன்" என்று ராஜவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாமிக்கு எழுதாம புள்ளைக்கு எழுதறதா? மொதல்ல அதை எழுது."

"எழுதிக்கோங்க ஆன்ட்டி. பேருக்குத்தானே" என்று ராஜீவ் போனை எடுத்துக்கொண்டான்.

"எந்தப் பாகம்?" என்றேன்.

"பின்பக்கம் ஏதாவது எழுதுங்க."

குப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பின்பக்கமா? கக்கூஸ் பக்கத்துலயா சாமியை நிக்க வெப்ப?"

ராஜவேலு பதறிப்போனார். "டேய், வாயைக் கழுவுடா. வாசல் பாகம்தான் சாமிக்கு."

"வாசல்னா வெறும் வாசலா?" என்றாள் குப்பம்மாள், மெதுவாக, சந்தேகம் கேட்கிற குரலில். "வெயில்லயும் மழையிலயும் நிக்குமா சாமி? கூடத்தையும் சேத்துக்கோ கன்னிமா."

"ஆங், கூடமும்" என்றார் ராஜவேலு.

"கூடத்துல சாமி இருந்தா ஒரு பொங்கல் வெச்சுப் படைக்க வேணாமா? சமையக்கட்டு?"

"அதுவும்."

"அபிஷேகத்துக்குத் தண்ணி?"

"மோட்டாரையும் சேத்துடு" என்றார் ராஜவேலு. பக்தி ஏறிவிட்டால் அவருக்குக் கணக்குப் புரியாது.

"அப்பால, வெளக்கு ஏத்த ஆள் வேணுமே. பூசாரி வெச்சா நீ சம்பளம் குடுப்பியாடா ராஜீவு?"

ராஜீவ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயே ஏத்தும்மா" என்றான்.

"நான் இருக்கற வரைக்கும் அங்கியே குடியிருந்து ஏத்தறேன். எனக்கப்பறம்? உம் பொண்டாட்டி வருவாளா?"

"அவளுக்கு ஆபீஸ் கீதும்மா. துர்காவை வரச் சொல்லு."

"தோ, அவனே சொல்லிட்டான். எனக்கப்பறம் துர்கா அங்கியே குடியிருந்து ஏத்தணும்னு எழுதிக்கோ."

எழுதினேன். எல்லாம் நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. கடைசியில் நாலு எல்லை எழுதும்போதுதான் என் விரல் நின்றது. முருகனுக்குத் தெருவாசல், நடை, கூடம், சமையல்கட்டு, மோட்டார். மகனுக்குப் பின்னால் மூன்று அறையும் கக்கூசும். மூன்று பக்கமும் அடுத்தவன் சுவர். முருகன் வழி விட்டால் தவிர ராஜீவ் தன் பங்குக்குள் கால் வைக்கவே முடியாது. வைத்தாலும் கால் கழுவத் தண்ணீர் கிடையாது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். குப்பம்மாள் தலையில் பூ சரிந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு பாவமும் இல்லை. அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. "தம்பி, கொஞ்சம் கவனி. பத்திரத்துல பேருக்குன்னு எதுவும் கெடையாது. சட்டப்படி சாமியும் சொத்து வெச்சுக்கலாம். அவர் பேர்ல எழுதினா அவரோடதுதான்" என்றேன்.

ராஜீவ் சிரித்தான். "இன்னா ஆன்ட்டி நீங்க, படிச்சவங்க. சாமிக்குப் பொங்கல் படைக்கிறோம், சாமியா துன்னுது? பாத்துட்டு நமக்கே விட்டுடும். வீடு மட்டும் இன்னா துன்னுடவா போவுது?"

இதற்கு மேல் நான் என்ன சொல்வது? சுப்பிரமணியையும் ஜெராக்ஸ் கடை நாகராஜனையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். முதல் பங்கு முருகனுக்கு என்று கேட்டதும் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே பதிவும் ஆயிற்று. ராஜவேலு வீட்டுக்குப் போய் உயிலுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் முருகன் ஆட்சி. முருகன் சார்பில் உத்தரவு போட்டது குப்பம்மாள். உயில் ராஜவேலுவுக்குப் பிறகுதான் செல்லும் என்பது சட்டம். அதை ராஜீவ் எடுத்துச் சொன்னபோது, "அதுவரைக்கும் தெருவுல காத்துகினு இருன்னு சாமிகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாளாம். ராஜவேலுவின் பீடி தெருவுக்குப் போயிற்று. ராஜீவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரிலிருந்து ஆசையாகச் சிக்கன் பிரியாணி வாங்கி வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பின்னறைக்கு எடுத்துப் போகிறேன் என்றான். எந்த வழியாக என்று கேட்டாள். கடைசியில் அவன் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து தின்றதை நானே என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒரு வாரத்துக் கோபம் தீர்ந்தது.

ராஜீவ் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். கனகம்மாசத்திரத்தில் ஓட்டல் வைத்திருக்கிற துரைக்கண்ணு என்பவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவருக்கு அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் கட்டும் ஆசை. வீட்டை இப்போதே அவருக்கு விற்றுவிட்டு அம்பத்தூரில் பெரிய ஃபிளாட்டாக வாங்கினால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று ராஜவேலு காதில் ஓதினான். ராஜவேலுவுக்கு மகன் குரலைக் கேட்டாலே மனசு இளகிவிடும். சரி என்று சொல்லிவிட்டார். குப்பம்மாளிடம் யாரும் கேட்கவில்லை.

துரைக்கண்ணு வீட்டைப் பார்க்கப் போனார். குப்பம்மாள் சண்டை போடவில்லை, அழவில்லை. "செருப்பை வெளியவே வுட்டுட்டு வாங்க, இது முருகர் வூடு" என்று வரவேற்று, விபூதி கொடுத்து, கூடத்தில் விளக்குக்கு முன்னால் உட்கார வைத்து மோர் கொடுத்தாளாம். அவர் நேராக என் கடைக்கு வந்தார்.

"சாமிக்கு எழுதின வீடாமே?"

"எழுதியிருக்காரு. ஆனா ராஜவேலு உயிரோட கீறாரு. வீடு அவரோடது. தாராளமா விக்கலாம். சட்டம் தடுக்காது" என்றேன்.

"சட்டம் தடுக்காதும்மா. லாட்ஜைத் தொறந்து வெச்சிகினு நான் உக்காந்திருக்கும்போது ஒரு ஆளும் வராம அவர் தடுத்துட்டா?" என்று மலைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த உயிலை மொறைப்படி ரத்து பண்ணிட்டு வரச் சொல்லு. அப்பால பேசலாம்."

ராஜீவ் வீட்டுக்குப் போய், "கிழிச்சுப் போடுங்க நைனா, முடிஞ்சுது" என்றிருக்கிறான். ராஜவேலு அலமாரியைப் பார்த்துவிட்டு நடுங்கிப்போனார். கல்யாணப் பத்திரிகையில் முருகன் படம் இருந்தாலே குப்பையில் போடாமல் மூட்டை கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிற வீடு அது. மஞ்சள் பூசின உயிலை அவர் எங்கே கிழிப்பார்? "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதினதை ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே போய் அழிச்சுக்கலாம்" என்று ராஜீவ் அவரை என்னிடம் அழைத்து வந்தான். குப்பம்மாளும் அதே பையோடு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உயில் ரத்துப் பத்திரம் ஒரே பக்கம்தான். அதை அடிக்க எனக்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. கை ஓடவில்லை. இந்த ஒரு தாளில் கையெழுத்து விழுந்தால் துரைக்கண்ணு வருவார், வீடு போகும், இவள் போய் அந்த டிவிக்குக் கீழே படுப்பாள். அதை என் கையாலேயே அடித்துக் கொடுக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அடித்து முடித்துப் பேனாவை ராஜவேலு கையில் கொடுத்தேன்.

"சாட்சி ரெண்டு பேர் வேணும். அவங்க பாக்க நீங்க போடணும்" என்றேன்.

"சாட்சி வரட்டும், போடறேன்" என்றார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

ராஜீவ் சுப்பிரமணியைக் கூப்பிட்டான். சுப்பிரமணி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் வந்த வேகத்தில் திரும்பினார். "பால் பொங்குது தம்பி" என்றார். அடுப்பு அணைந்திருந்தது. நாகராஜனிடம் போனான். மெஷின் சூடாக இருக்கிறது, ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றார் அவர். பூக்காரி தாயாரம்மாளைக் கேட்டான். அவள் மகளிர் குழுவில் தலைவி, பாங்கில் போய் வாராவாரம் கையெழுத்துப் போடுகிறவள். "எனக்கு எழுதத் தெரியாது சாமி" என்றாள். கைநாட்டு வைக்கச் சொன்னான். விரலில் காயம் என்று பூ நாரை எடுத்து அவன் கண் முன்னாலேயே விரலில் சுற்றிக்கொண்டாள்.

அந்தத் தெருவில் இரண்டு டீக்கும் ஒரு வடைக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு கூட்டமே உண்டு. யாருடைய பத்திரம், எதற்கு என்று கேட்கக்கூட மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஒருவரையும் காணோம். முருகன் பங்கைப் பிடுங்கச் சாட்சி தேடுகிறார்கள் என்ற செய்தி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது.

"ஆன்ட்டி, நீங்க போடுங்களேன்."

"மாட்டேன்."

"நீங்களுமா? சாமிக்கு பயமா?"

"சாமிக்கு இல்லடா" என்றேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டு என்னால் அதில் கையெழுத்துப் போட முடியாது.

ராஜீவ் விடவில்லை. அம்பத்தூரில் கூட வேலை செய்கிற நண்பனுக்குப் போன் போட்டான். அவனும் ரயில் பிடித்து வந்து சேர்ந்தான். நல்ல பையன். வந்தது வந்தோம், இவ்வளவு தூரம் வந்து சாமி பார்க்காமல் போகலாமா என்று முதலில் மலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது நெற்றி நிறைய விபூதியும் கையில் பஞ்சாமிர்த டப்பாவும் இருந்தன. தாளைப் படித்தான். மலையைப் பார்த்தான். "மச்சான், வேற எதுவா இருந்தாலும் சொல்லு. கண்டிப்பா பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாமிர்தத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

ராஜீவ் கத்த ஆரம்பித்தான். "இன்னா ஊருங்க இது! சட்டமே மாத்தலாம்னு சொல்லுது. ஒரு கையெழுத்துப் போட இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லியா?"

"குடு. நான் போடறேன்" என்றாள் குப்பம்மாள்.

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அவள் எழுந்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். "நான் ஒரு சாட்சி. துர்காவைக் கூப்பிட்டா வருவா, அவ ஒரு சாட்சி. எங்க போடணும் கன்னிமா?"

ராஜீவ் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. அப்புறம் அவனுக்கே என்னமோ போல ஆகிவிட்டது. "உனக்கு பயமா இல்லியாம்மா?"

"எனக்கு இன்னாடா பயம்? முருகருக்குத் தெரியும், அது யாரு பங்குன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த வூட்டுக்குக் கல்லு சொமந்தவ நானு. எனக்கு ஒரு மூலை எழுதுங்கன்னு கேட்டிருந்தா உங்க நைனா எழுதியிருப்பாரு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கு நீ வந்து அழிங்கன்னு சொன்னா அழிச்சும் இருப்பாரு. சுப்பிரமணி ஓடியாந்து சாட்சி போட்டிருப்பான். தாயாரம்மா போட்டிருப்பா. குப்பம்மா பேரை அழிக்கறதுக்கு இந்த ஊர்ல யாருக்குடா கை நடுங்கும்? அதான் முருகர் பேரை வெச்சேன்."

தாயாரம்மாள் விரலில் சுற்றின நாரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் இந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனை பெண்கள் பேரை எழுதியிருக்கிறேன், எத்தனை பேரை அழித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சாட்சிக்கு அலைந்ததில்லை.

ராஜவேலு குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "இவ்ளோ நாளா மனசுல வெச்சிகினு இருந்தியா நீ?" என்றார் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கன்னிமா, சாமிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். அந்தப் பங்கை இவ பேருக்கே மாத்தி எழுதினா சாட்சி வருவாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வருவாங்க" என்றேன். "எழுதறதுக்கும் வருவாங்க. அப்பால அழிக்கறதுக்கும் வருவாங்க."

குப்பம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப முருகர் பேர்லயே இருக்கட்டும்" என்றாள்.

தெருவில் இறங்கி நடந்தாள். ராஜீவ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்னாலேயே போய் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். ராஜவேலு திறந்து வைத்திருந்த பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.